கார் ஏசி கம்ப்ரசர் ஆயில்: பாலக்காட்டு எல்லையில் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து வண்டிகள் மார்ச் பிறந்தாலே ஏசி வேலைக்கு வந்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் வாளையார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் காருக்கு ஏசி ஆடம்பரம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆயில் என்ற பேச்சே கம்ப்ரசர் ஜாம் ஆகி, பெரிய பில் கைக்கு வந்த பிறகுதான் எழுகிறது. அது முன்னாடியே எழ வேண்டும். இந்த எல்லையின் இரண்டு பக்கமும் ஏசி வேலை பார்க்கிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏசிக்குள்ள எதுக்குங்க ஆயில்? எஞ்சின் ஆயில்தானே எல்லாத்துக்கும்?

கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் சுற்றினாலும், அதற்குள் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக்கூடப் போவதில்லை. கார் ஏசி என்பது முழுக்க மூடிய ஒரு சுற்று. கம்ப்ரசரிலிருந்து கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்), அங்கிருந்து டிரையர் (ஈரத்தை இழுத்து வைக்கும் உருளை), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸை அளவாக உள்ளே விடும் சின்ன வழி), கூலிங் காயில் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்), திரும்பவும் கம்ப்ரசர். இந்தச் சுற்றுக்குள் கேஸும் ஆயிலும் சேர்ந்தே ஓடுகின்றன.

எஞ்சினில் ஆயிலை ஏற்ற ஒரு பம்ப் இருக்கிறது, கீழே தேங்க ஒரு சம்ப் இருக்கிறது. பெரும்பாலான கார் ஏசி கம்ப்ரசர்களில் அந்த ஏற்பாடு கிடையாது. கேஸ்தான் ஆயிலைச் சுமந்துகொண்டு போய், எல்லாப் பாகத்தையும் சுற்றி, மறுபடி கம்ப்ரசருக்குக் கொண்டுவருகிறது. பிஸ்டன், அதைத் தள்ளும் சாய்ந்த தட்டான ஸ்வாஷ் பிளேட், பேரிங், ஷாஃப்ட் சீல் எல்லாம் அந்த ஆயிலை நம்பித்தான் ஓடுகின்றன.

அளவு என்று பார்த்தால் சின்னக் காரில் மொத்தமே 80 முதல் 150 மில்லி. ஒரு டீ கிளாஸ் அளவுதான். பின்னாடியும் ஏசி உள்ள பெரிய வண்டிகளில் 200 மில்லி, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். மொத்தமே இவ்வளவு என்பதால்தான் இதில் 30 மில்லி கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரிகிறது.

டிப்ஸ்டிக் இல்லையே அண்ணா, அப்புறம் அளவை எப்படிப் பார்க்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நேரடியாகப் பார்க்க வழி இல்லை. இன்றைய கார்களில் கம்ப்ரசருக்குள் குச்சி விட்டுப் பார்க்கும் ஓட்டையும் இல்லை, அளவுக் கண்ணாடியும் இல்லை. வண்டி நின்றவுடன் ஆயில் ஓரிடத்தில் சேர்வதும் கிடையாது. ஏறக்குறைய பாதி கம்ப்ரசரில் இருக்கும். மீதி கண்டென்சர், கூலிங் காயில், டிரையர், ஓஸ் என்று பிரிந்து கிடக்கும்.

அதனால் ஏசி ஆயிலை அளந்து பார்த்துப் பராமரிக்க முடியாது, கணக்கு வைத்துத்தான் பராமரிக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வண்டி வரும்போது சரியான அளவு இருந்தது. அதற்குப் பிறகு எது வெளியே போனதோ அது மட்டும் உள்ளே போக வேண்டும். கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினின் பாட்டிலில் விழுந்த ஆயில், கழற்றிய கண்டென்சரோடு போன ஆயில், லீக்கான இடத்தில் வழிந்த ஆயில் ஆகிய மூன்றையும் கூட்டினால் போட வேண்டிய அளவு வந்துவிடும். இந்தக் கணக்கை எழுதி வைக்காத இடத்தில், அடுத்த முறை வேலை செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறார். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிலைக்கு வந்த வண்டிக்கு ஒரே வழிதான்: எல்லாவற்றையும் கழற்றி, சுத்தம் செய்து, முழு அளவை முதலிலிருந்து ஊற்றுவது. செலவு ஏறும்.

சில பழைய வகைக் கம்ப்ரசர்களில் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க முடிந்தது. அதை வைத்துப் பழகிய பெரியவர்கள் இன்றைய கம்ப்ரசரிலும் அப்படி ஒரு வழி இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை.

கேஜ் மாட்டிப் பார்த்தா பிரஷர் சரியாத்தான் இருக்கு. அப்போ ஆயிலும் சரிதானே?

பிரஷருக்கும் ஆயில் அளவுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. இன்னும் சொல்லப்போனால், நிறுத்தி வைத்த வண்டியில் கேஜ் கேஸின் அளவைக்கூடக் காட்டுவதில்லை. கார் ஏசியில் பரவலாக உள்ள ஆர்-134ஏ கேஸ் 35 டிகிரி வெப்பத்தில் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதே 114 தான். 200 கிராம் இருந்து, அதில் கொஞ்சம் திரவமாகக் கிடந்தாலும் அதே 114 தான். கேஜ் காட்டுவது அந்த வெப்பத்துக்குரிய அழுத்தத்தை.

அதனால்தான் கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்கிறோம். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும், பல வண்டிகளில் ஆயில் வகையும் அதிலேயே இருக்கும். பாடி வேலை, பெயின்ட் வேலை முடிந்து வரும் வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் காணாமல் போயிருக்கும். இன்றைக்கே போய் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவை கேஸ் போடும்போதும் ஆயிலும் போடணுமா?

வேண்டாம். இந்த ஒரு பழக்கத்தால்தான் நம் பக்கத்தில் பாதி வண்டிகளின் கூலிங் கெடுகிறது என்று நினைக்கிறேன். கேஸ் போடுகிற இடத்தில் 'ஆயில் கொஞ்சம் விட்டிருக்கேன், கம்ப்ரசருக்கு நல்லது' என்று சொல்வார்கள், வண்டிக்காரருக்கும் மனசு நிறையும். ஆனால் கேஸ் மெதுவாகக் கசிந்து குறைந்த வண்டியில் ஆயில் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கோடைக்கும் 30, 40 மில்லி சேர்த்துக்கொண்டே போனால் சில வருடத்தில் உள்ளே தேவையைப் போல இரண்டு மடங்கு சேர்ந்துவிடும்.

எப்போது போட வேண்டும்? ஓஸ் வெடித்தோ, முன்பக்கம் இடித்துக் கண்டென்சர் கிழிந்தோ கேஸ் ஒரேயடியாக வெளியேறினால், அது ஆயிலையும் வாரிக்கொண்டு போகும். பக்கத்து இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருப்பதே அதற்கு அடையாளம். மெதுவான லீக்கிலும், ஜாயின்ட்டில் எண்ணெய் கசிந்து புழுதி கருப்பாக ஒட்டியிருந்தால் கொஞ்சம் போயிருக்கிறது என்று அர்த்தம். அதுபோக, மெஷினில் கேஸை எடுத்த பிறகு பாட்டிலில் எவ்வளவு ஆயில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். 5 மில்லி விழுந்தால் 5 மில்லி, 15 விழுந்தால் 15. திரும்பப் போடுவது புது ஆயிலாக இருக்க வேண்டும். எடுத்த பழைய ஆயிலைத் திருப்பி ஊற்றக் கூடாது.

கேஸை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தால் கணக்கு இன்னும் சரியாக வரும். ஏசி ஓடும் நிலையில் இருந்தால் பத்து நிமிடம் எஞ்சினை மிதமான வேகத்தில் ஓட்டி, புளோவரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். அங்கங்கே பிரிந்து கிடக்கும் ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பிவிடும். அப்புறம் கேஸை மெதுவாக எடுக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் ஆயிலும் கூடவே வரும்.

வால்வு பின்னை அழுத்திப் பிடித்து, கேஸை 'உஸ்ஸ்' என்று காற்றில் விடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் ஆயில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது, கணக்கு அங்கேயே அறுந்துவிடும். ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியே போனால், நூறு ஆண்டுக் கணக்கில் அது பூமியைச் சூடாக்குவது சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கணவாயில் வெயில் ஏறுகிறது என்று வருத்தப்படும் நாமே இதைச் செய்யக் கூடாது.

கேஸ் கொஞ்சம் கம்மிதான், இந்த சீசன் ஓட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாமா?

கூலிங் குறைவதோடு இது நிற்காது. ஆயிலைச் சுமப்பதே கேஸ்தான் என்று மேலே சொன்னேன். கேஸ் குறைந்தால் கூலிங் காயில் வரை போன ஆயில் திரும்பி வரத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஆயில் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை. கம்ப்ரசரைக் குளிர்விப்பதும் திரும்பி வருகிற கேஸ்தான் என்பதால் அது சூடாகி, இருக்கிற ஆயிலும் கருகத் தொடங்கும்.

கேஸ் ரொம்பக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் மேக்னெட் கிளட்ச்சை இழுக்க விடாமல் கம்ப்ரசரைக் காப்பாற்றும். கொஞ்சம் குறைந்திருந்தால் காப்பாற்றாது. இன்னொரு விஷயம்: சில புதிய வண்டிகளில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர் வருகிறது. ஏசி சுவிட்சை அணைத்தாலும் அதன் ஷாஃப்ட் எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியில் கேஸ் முழுக்கப் போன பிறகு 'ஏசி போடாம ஓட்டிக்கிறேன்' என்று சபரிமலை சீசன் முழுவதும் டாக்சி ஓட்டுவது கம்ப்ரசருக்கு ஆபத்து. உங்கள் வண்டியில் கிளட்ச் இருக்கிறதா என்று ஒரு முறை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்டென்சர் மாத்தினா எவ்வளவு ஆயில் சேர்க்கணும்? கூலிங் காயிலுக்கு?

வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாகவாரியாக அளவு இருக்கும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அது கிடைக்காத போது சின்னக் காருக்குப் பொதுவாகப் பின்பற்றும் அளவு இது: கண்டென்சருக்கு 30 முதல் 40 மில்லி, கூலிங் காயிலுக்கு 40 முதல் 50, டிரையருக்கு 10 முதல் 20, ஒரு ஓஸுக்கோ பைப்புக்கோ 10. எக்ஸ்பான்ஷன் வால்வு, ஓ-ரிங், பிரஷர் சுவிட்ச் மட்டும் மாற்றினால் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம்.

கழற்றிய பாகத்தைச் சாய்த்து உள்ளே இருப்பதை அளவுக் குவளையில் வடித்துப் பார்ப்பதும் நல்லது. கண்டென்சரில் 30 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 80 வடிந்தால், யாரோ முன்பு அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். வடிந்த ஆயிலின் நிறமும் பேசும். தெளிவாக இருந்தால் நல்லது. கருப்பாக இருந்து, விரலில் தேய்த்தால் மினுமினுவென்று அலுமினியத் தூள் தெரிந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்கிறது.

புது கம்ப்ரசர் வாங்கியாச்சு, உள்ளேயே ஆயில் இருக்குன்னு கடையில சொன்னாங்க. அப்படியே மாட்டிடலாமா?

மாட்டக் கூடாது. ஆயில் விஷயத்தில் அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான புது கம்ப்ரசர்கள் முழு ஏசிக்கும் தேவையான ஆயிலோடு வருகின்றன. ஆனால் உங்கள் கண்டென்சரிலும் கூலிங் காயிலிலும் ஓஸ்களிலும் பழைய ஆயில் ஏற்கெனவே இருக்கிறது. புதியதை அப்படியே மாட்டினால் அது இதோடு சேர்ந்து மொத்தம் அதிகமாகிவிடும்.

கணக்கை இப்படிப் போட வேண்டும். பழைய கம்ப்ரசரைக் கழற்றியதும், ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே அதில் உள்ள ஆயிலை முழுக்க வடித்து அளக்க வேண்டும். 40 மில்லி வந்தது என்று வைத்துக்கொள்வோம். புது கம்ப்ரசரில் 120 மில்லி இருக்கிறது என்று அதன் தாளில் எழுதியிருக்கிறது. 120-லிருந்து 40 போனால் 80. அந்த 80 மில்லி வண்டியின் மற்ற பாகங்களில் இருக்கிறது. எனவே புது கம்ப்ரசரிலிருந்து 80 மில்லியை வெளியே எடுத்துவிட்டு, 40 மில்லியோடு மாட்ட வேண்டும். பழைய கம்ப்ரசரின் சுவர்களில் வடியாமல் ஒட்டியிருக்கும் 10 மில்லி அளவையும் சில கையேடுகள் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன.

கம்ப்ரசரோடு கண்டென்சரையும் டிரையரையும் மாற்றுகிறீர்களா? அவற்றோடு 30-ம் 10-ம் போய்விட்டது. அப்போது புதியதில் 40-க்குப் பதில் 80 மில்லி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே சொட்டு ஆயில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் முழு 120.

பழைய கம்ப்ரசரில் 5, 10 மில்லிதான் வடிந்தது என்றால் அதே 10 மில்லியை வைத்து மாட்டி அனுப்பிவிடக் கூடாது. ஒன்று எங்கோ லீக்கில் ஆயில் போயிருக்கிறது, அல்லது காயிலில் தேங்கிவிட்டது. காரணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நிலைமைக்காகவே பல கையேடுகள் 'இதற்குக் குறையக் கூடாது' என்று ஒரு அளவைச் சொல்லியிருக்கும்.

எல்லா கம்ப்ரசரும் ஆயிலோடு வருவதும் இல்லை. ரீகண்டிஷன் செய்தவை காலியாகவோ, துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மட்டும் விட்டோ வரலாம். வடித்து அளக்காமல் எதையும் நம்ப வேண்டாம். சில கம்ப்ரசர்கள் உள்ளே நைட்ரஜன் அடைத்து வரும். மூடியைச் சடாரென்று திறந்தால் அந்த அழுத்தத்தில் ஆயிலும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், மெதுவாகத் தளர்த்த வேண்டும். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்ப்ரசரின் முன்பக்கத்தைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட வேண்டும். உள்ளே தேங்கிய ஆயில் பிஸ்டனுக்கு மேல் நின்றால் முதல் சுற்றிலேயே வால்வுத் தகடு உடையலாம்.

ஆயில் கூடுதலா இருந்தா என்ன கெட்டுப்போகும்? கூட இருந்தா நல்லதுதானே?

கூடுதல் ஆயில் கூலிங் காயிலின் உள்சுவரில் படலமாகப் படியும். அந்தப் படலம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. கேஸ் இருக்க வேண்டிய இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும், ஹை பக்கம், அதாவது கம்ப்ரசரிலிருந்து கேஸ் அழுத்தத்தோடு வெளியேறும் பக்கம், பிரஷர் ஏறும். வண்டிக்காரருக்குத் தெரிவதெல்லாம் இதுதான்: காலையில் நன்றாகக் குளிர்கிறது, மதியம் கஞ்சிக்கோடு சிக்னலில் நின்றால் குளிரவில்லை. கேஸ் கம்மி என்று நினைத்து மறுபடி கேஸ் போடப் போவார், அங்கே மறுபடி கொஞ்சம் ஆயில் விடுவார்கள். ஆயில் கூடக் கூடக் கூலிங் குறையும்.

ஆயில் திரவம் என்பதால் அதை அமுக்க முடியாது. அதிகமாகக் கம்ப்ரசருக்குள் வந்துவிட்டால் அடி வாங்குவது வால்வும் பிஸ்டனும்தான். அதற்காகக் குறைவாக விடலாம் என்றும் எண்ண வேண்டாம். குறைந்தால் சத்தம், சூடு, தேய்மானம், கடைசியில் ஜாம். தேய்ந்த தூள் கண்டென்சர் வரை பரவும், அப்புறம் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மதியம் குளிரவில்லை என்றால் உடனே ஆயிலைக் குறை சொல்லக் கூடாது. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கண்டென்சரில் புழுதியும் வைக்கோல் தும்பும் அடைத்துக்கொள்ளும். முதலில் அதை மெதுவான தண்ணீரால் கழுவிப் பாருங்கள். ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

எந்த ஆயில் வாங்கணும்? கடையில 46, 100, 150னு மூணு வச்சிருக்காங்க.

ஆர்-134ஏ கேஸ் உள்ள பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் பிஏஜி என்ற செயற்கை ஆயில்தான். அந்த எண் 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கிறது. 46 நீர்மையானது, 150 கெட்டியானது. எது வேண்டும் என்று முடிவு செய்வது வண்டியின் பெயர் இல்லை, அதில் உள்ள கம்ப்ரசர். ஒரே மாடல் காரில் வருடத்துக்கு வருடம் வேறு கம்பெனி கம்ப்ரசர் வந்திருக்கலாம். அதனால் கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். டென்சோ கம்ப்ரசரில் என்டி-ஆயில் 8 என்று இருந்தால் அது 46 ரகம்.

'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா 100 போடுங்க' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் பழக்கத்தில் வருகிற யோசனை. 46-க்கான கம்ப்ரசரில் 100 போட்டால் ஆயில் நுண்ணிய இடைவெளிகளுக்குள் போவதும் கஷ்டம், காயிலிலிருந்து திரும்பி வருவதும் கஷ்டம்.

ஆர்-12 கேஸ் காலத்துப் பழைய வண்டிகளில் மினரல் ஆயில் இருந்தது. ஆர்-134ஏ-யில் அது கரையாது, அதனால் கேஸோடு திரும்பி வராது. அப்படி ஒரு வண்டியை மாற்றும்போது பழைய ஆயிலை முடிந்தவரை முழுக்க எடுத்துவிட்டு எஸ்டர் ஆயில் போடுவார்கள். சில புதிய வண்டிகளில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் கேஸுக்கு அதற்கென்றே செய்த பிஏஜி வேண்டும், பழைய டப்பாவில் மிஞ்சியதை ஊற்றக் கூடாது.

மழைக்காலத்துல ஏசி வேலை செய்யக் கூடாதுன்னு சொல்றாங்களே, நெசமா?

செய்யலாம், கவனம் கூடுதலாக வேண்டும். பிஏஜி ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே வீசும்போது காற்றெல்லாம் ஈரம்தான். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் அந்த ஆயில் ஈரம் இழுத்திருக்கும். உள்ளே போன ஈரம் ஆயிலோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி அடைக்கவும் செய்யும்.

அதனால் சின்ன உலோக டப்பாவாக வாங்கி, திறந்தவுடன் பயன்படுத்தி, உடனே இறுக மூட வேண்டும். திறந்து நாளான டப்பா, பாதி இருந்தாலும் வேண்டாம். கழற்றிய பைப் முனைகளை அந்த நிமிடமே மூட வேண்டும். சுற்றைத் திறந்தால் டிரையரையும் மாற்றிவிடுவது நல்லது. உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும், மழை நாளில் அதற்கு மேலும். வேக்கம் போட்டால் ஆயிலும் வெளியே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சுற்றுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும், ஆயில் அங்கேயே இருக்கும்.

பெட்ரோல் விட்டு ஃப்ளஷ் பண்ணா போதுமாங்க?

கூடாது. ஏசி குழாய்களை உள்ளே கழுவும் ஃப்ளஷ் வேலைக்குப் பெட்ரோல், டீசல், தின்னர் எதுவும் கூடாது. மிச்சம் உள்ளே தங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. ஏசிக்கென்று உள்ள ஃப்ளஷ் திரவத்தை விட்டு, பிறகு உலர்ந்த நைட்ரஜனால் முழுக்க ஊதி உலர்த்த வேண்டும். கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றுக்குள்ளும் ஃப்ளஷ் விடக் கூடாது. இன்றைய கண்டென்சர்களின் குழாய்கள் மெல்லிய நுண்துளைகளால் ஆனவை. அதில் அலுமினியத் தூள் போய்விட்டால் ஃப்ளஷ் செய்து எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

லீக் பார்க்கக் கலர் டை விடுறாங்க. அது ஆயில் கணக்குல வருமா?

வரும். பல டைகள் ஆயிலில் கலந்தே வருகின்றன. ஒரு முறை சில மில்லி விட்டால் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே டை உள்ள வண்டியில் மறுபடி விட வேண்டாம், யூவி டார்ச் அடித்தாலே பழைய டை தெரியும்.

ஆன்லைன்ல கேஸும் ஆயிலும் சேர்ந்த டப்பா விக்கிறாங்க, நானே போட்டுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். அதில் எவ்வளவு ஆயில், எந்த ரகம் என்பது பல டப்பாக்களில் தெளிவாக இருக்காது. லீக்கை அடைக்கும் ரசாயனம் கலந்த டப்பாக்களும் உண்டு, அது வொர்க்‌ஷாப் மெஷினையே அடைத்துவிடும். டப்பாவை ஹை பக்கம் மாட்டிவிட்டால் டப்பா வெடிக்கும் அபாயம் இருக்கிறது.

எங்க வீட்ல நெக்ஸான் இவி வாங்கியிருக்கோம். அதுக்கும் இதே ஆயில்தானா?

இல்லை, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மின்சாரக் கார்களிலும், இன்னோவா ஹைக்ராஸின் ஹைபிரிட் வகை போன்ற வண்டிகளிலும் கம்ப்ரசரைச் சுற்றுவது பெல்ட் இல்லை, அதற்குள்ளேயே உள்ள ஹை வோல்டேஜ் மோட்டார். அந்த மோட்டாரின் காயில் கம்பிகள் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். எனவே மின்சாரத்தைக் கடத்தாத ஆயில் வேண்டும். பெரும்பாலும் அது பிஓஇ என்ற எஸ்டர் ஆயில் வகை; டென்சோவில் என்டி-ஆயில் 11.

சாதாரண பிஏஜி கொஞ்சம் கலந்தால்கூட இன்சுலேஷன் இறங்கிவிடும். வண்டியின் கம்ப்யூட்டர் மின் கசிவு என்று எடுத்துக்கொண்டு வண்டியையே கிளம்ப விடாமல் செய்யலாம். வேறு காரில் பயன்படுத்திய கேஜ் ஓஸில் ஒட்டியிருக்கும் பிஏஜி-கூடப் பிரச்சினைதான். இவிக்கென்று தனி ஓஸ், அல்லது உள்ளே சுத்தம் செய்து கொள்ளும் வசதி உள்ள மெஷின் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆரஞ்சு நிற வயரை, பயிற்சி இல்லாத யாரும் தொடக் கூடாது.

நெல்லியாம்பதியில இருக்கோம், ஏசியே தேவைப்படாது. பராமரிப்பு எதுவும் வேணுமா?

வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். ஆயில் சுற்றி வந்து ஷாஃப்ட் சீலை நனைக்கும். மாதக்கணக்கில் போடாமல் விட்டால் சீல் உலர்ந்து கேஸ் கசியத் தொடங்கும்.

வொர்க்‌ஷாப்ல என்ன கேட்டு வாங்கணும்? நாங்க பாதி வேலை பாலக்காட்டுலயும் பாதி கோயம்புத்தூர்லயும் செய்யறோம்.

இரண்டு ஊரிலும் வேலை செய்தால் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும், கேஎல்-70 வண்டியோ டிஎன்-41 வண்டியோ. பில்லில் ஐந்து விவரம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எடுத்த கேஸ் எத்தனை கிராம், போட்டது எத்தனை கிராம், வெளியே வந்த ஆயில் எத்தனை மில்லி, போட்ட ஆயில் எத்தனை மில்லி, எந்த ரகம். 'கேஸ் ஃபில்லிங், ஆயில்' என்று ஒரே வரியில் தொகை மட்டும் போட்ட பில் அடுத்த மெக்கானிக்குக் கொஞ்சமும் உதவாது. மலையாளத்திலோ தமிழிலோ எழுதட்டும், எண் எல்லோருக்கும் புரியும். பில்லைத் தொலைத்துவிடுவீர்கள் என்றால் பானட்டுக்குள் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அழியாத பேனாவால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அளவுக் குவளை இருக்கிறதா, டப்பாவிலிருந்து நேராக ஊற்றுகிறார்களா என்பது ஒரு பார்வையிலேயே தெரியும். நன்றாக வேலை தெரிந்தவர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். ஆயில் கணக்கைக் கேட்கும் வண்டிக்காரரிடம் அவர் இன்னும் கொஞ்சம் நேரம் நின்று பேசுவார்.

வடிச்ச பழைய ஆயிலை என்ன பண்றது?

தென்னைக்கு அடியிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயிலை எடுத்துப் போகும் உரிமம் உள்ளவரிடமே கொடுக்கலாம். வடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியும் வேண்டும். ஆயிலில் கரைந்திருக்கும் கேஸ் கொப்பளித்து வெளியே வரும், அது கண்ணில் பட்டால் உறைந்துவிடும் அளவுக்குக் குளிர்ச்சி.